கெமாஸ் தோட்டத்துக் கோபுரம் எங்கே?

கட்டடத்துக்குள் இருக்கும் கைத்தொலைபேசி, செயற்கைக்கோளை மட்டும் நம்பி இடம் சொல்வதில்லை. சுற்றியுள்ள வைஃபை கருவிகளையும் தொலைத்தொடர்புக் கோபுரங்களையும் வைத்துக் கணக்கிடுகிறது. அந்தப் பட்டியலைப் பொதுமக்களே திரட்டட்டும் என்று 2001-இல் வைகிள், 2008-இல் ஓப்பன்செல்ஐடி, 2013-இல் மோசில்லாவின் சேவை எனத் திட்டங்கள் பிறந்தன.

நல்ல எண்ணம்தான். ஆனால், திரட்டியவர்கள் எந்த வழியே போனார்கள்? கோபுரத்தின் அடியில் போய் யாரும் அளப்பதில்லை, நேயர்களே. அதன் அலை கிடைத்த புள்ளிகளைக் கொண்டு போடும் உத்தேசக் கணக்குதான் அது. கிழக்குக்கரை, மேற்குக்கரை ரயில் பாதைகள் சந்திக்கும் கெமாஸில் ரயில் பயணிகள் மட்டும் பதிவு செய்தால், செம்பனைத் தோட்டத்துக்குள் நிற்கும் கோபுரம் வரைபடத்தில் தண்டவாளத்தின் பக்கம் நகர்ந்துவிடும். லயத்து வீட்டிலிருந்து ஒருவர் மருத்துவ வண்டிக்குத் தம் இருப்பிடத்தை அனுப்பினால், அந்தப் பிழையும் கூடவே போகும்.

ரயிலோடு ஓடும் வைஃபை இன்னொரு தொல்லை. காலையில் கெமாஸ், மாலையில் கோலாலம்பூர்! இப்படி ஊர் மாறும் கருவிகளை மோசில்லா கணக்கிலிருந்து ஒதுக்கிப் பார்த்தது. இருந்தும், துல்லியம் குறைந்துவிட்டதையும் காப்புரிமைச் சிக்கலையும் காரணம் காட்டி, 2024-இல் சேவையை மூடியது. மற்ற இரண்டும் இன்னும் இயங்குகின்றன, தோட்டத்துக்குள் நடந்து பதிவு செய்பவர்களை எதிர்பார்த்தபடி.