சட்னி சோக்கா

சட்னி சோக்கா என்பது கரீபியக் கடலிலுள்ள டிரினிடாட் தீவில் பிறந்த கலப்பிசை. பெயரின் இரு பாதிகளில் நமக்குப் பழகியது முதல் பாதி. ஆனால் இந்தியத் தடம் இரண்டாம் பாதியிலும் இருக்கிறது.

சோக்காவை உருவாக்கியவர் லார்ட் ஷார்ட்டி என்ற மேடைப்பெயர் கொண்ட கார்ஃபீல்ட் பிளாக்மன் (1941–2000). ஆப்பிரிக்க வம்சாவளியினரான அவர் பிறந்த ஊர், தெற்கு டிரினிடாடில் இந்தியர் நிறைந்த லெங்குவா. 1970களின் தொடக்கத்தில் ஜமைக்காவின் ரெகே இசை பரவ, டிரினிடாடின் பாட்டு வகையான கலிப்சோ மங்குகிறதே என்ற கவலை அவருக்கு இருந்தது. டோலக், தந்தால், மாண்டலின் ஆகியவற்றைச் சேர்த்து 1973இல் 'இந்திராணி' என்ற பாடலை வெளியிட்டார். தந்தால் என்பது நீண்ட இரும்புக் கம்பி; லாட வடிவ இரும்புத் துண்டால் அதைத் தட்டித் தாளம் எழுப்புவார்கள்.

இந்தப் புதிய இசைக்கு அவர் சூட்டிய பெயரில் 'சோ' கலிப்சோவின் கடைசி அசை. 'கா' இந்திய நெடுங்கணக்கின் முதல் மெய்யான 'க'. அவ்வெழுத்து இயக்கத்தின் ஆற்றலைக் குறிப்பதாகவும் விளக்கினார். ரோமன் எழுத்தில் அவர் எழுதியது எஸ்-ஓ-கே-ஏ-எச். பத்திரிகைகள் 'கே'க்குப் பதில் 'சி' போட்டு, 'எச்'சையும் விட்டுவிட்டன, அதுவே நிலைத்தது. பிறகு, 'சோல்', 'கலிப்சோ' என்ற சொற்களின் முன்பகுதிகள் சேர்ந்ததே சோக்கா என்ற விளக்கம் ஊன்றியது. அமெரிக்க சோல் இசையின் சாயல் அதில் இருப்பதால் விளக்கம் பொருத்தமாகவே தோன்றும். ஆனால் 'க' பார்வையிலிருந்து மறைந்தது பெரிய இழப்பு.

'சட்னி'யின் வேர் திருமண வீடுகளில் இருக்கிறது. 1845 முதல் 1917 வரை இந்தியாவிலிருந்து டிரினிடாட் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்களில் பெரும்பாலோர் போஜ்புரி பேசியவர்கள். சென்னை வழியாகச் சென்ற தமிழரும் தெலுங்கரும் சிறுபான்மையினர். கல்யாணத்துக்கு முந்தைய 'மட்டிகோர்' சடங்கில் பெண்கள் மட்டும் கூடி, கூச்சமின்றிக் கேலிப் பாட்டுப் பாடி ஆடுவார்கள். அந்த வேகமும் காரமும்தான் பெயருக்குக் காரணம். பாடகர் சுந்தர் போப்போவின் 'நானா நானி' இவ்வகைப் பாட்டை இசைத்தட்டில் புகழ்பெறச் செய்தது.

1987இல் திரௌபதி ராம்கூனாய் பாடிய 'சட்னி சோக்கா' என்ற பாடல் இரு சொற்களையும் இணைத்தது. இந்தியப் பெண் ஒருத்தி கலிப்சோ மேடையேறுவதா என்று சமூகத்துக்குள்ளேயே கண்டனம் எழுந்தது. அவர் பாடுவதை நிறுத்தவில்லை. அடுத்த ஆண்டே அவரது 'மிஸ்டர் பிசேசர்' பாடல் பெரும் வெற்றி பெற்றது. 1996இல் இவ்விசைக்கெனத் தனிப் போட்டியே தொடங்கியது.