யாருக்காகக் கட்டிய வீடு: செந்தூலிலிருந்து மலைப் பங்களா வரை

விடுமுறைக்காகச் சில நாள் வாடகைக்கு எடுக்கும் வீடு எதுவாயினும் அதை ‘ஹோம்ஸ்டே’ என்றே அழைக்கும் வழக்கம் மலேசியாவில் இன்று பரவியிருந்தாலும், அப்பெயருக்குள் அடங்கும் வீடுகள் வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு மனிதருக்காக எழுப்பப்பட்டவை. ஒரு வீடு யாருக்காகக் கட்டப்பட்டது என்பது அதன் அறைகளின் அமைப்பிலும், சமையற்கட்டு இருக்கும் இடத்திலும், காவலாளி எங்கே உறங்குகிறார் என்பதிலும் பதிந்திருப்பதால், தன் குடும்பத்துக்கு ஏற்ற தங்குமிடத்தைத் தேர்பவருக்கு அவ்வரலாறு நேரடியாகவே பயன்படுகிறது.

இதைக் கோலாலம்பூரின் செந்தூலிலிருந்து தொடங்குவது பொருத்தமானது. 1886இல் கோலாலம்பூரைக் கிள்ளான் பக்கத்தோடு இணைத்த இருப்புப்பாதை, 1901இல் பிற மாநிலப் பாதைகளோடு ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தபின், அந்த இரயில்வேயின் மத்தியப் பட்டறை செந்தூலில் வளர்ந்தது. அங்கே உழைத்த தமிழ்த் தொழிலாளர்களும் கிராணிகளாகப் பணியாற்றிய யாழ்ப்பாணத் தமிழர்களும் வாழ்ந்த குவாட்டர்ஸ், அதாவது வேலையோடு கிடைத்து வேலையோடு போய்விடும் அரசாங்க வீடு, அவர்களுக்குச் சொந்தமாக இருந்ததில்லை. நாட்டின் மலைகளுக்கும் கடற்கரைகளுக்கும் பிறரை ஏற்றிச்சென்ற வண்டிகளைப் பழுதுபார்த்தவர்கள் இவர்கள் என்பதை இவ்வரலாற்றை எழுதுவோர் மறந்துவிடக் கூடாது.

அவ்வண்டிகளில் சென்ற அதிகாரிகள் இறங்கித் தங்கியது பெரும்பாலும் ‘ரெஸ்ட் ஹவுஸ்’ எனப்பட்ட அரசாங்க ஓய்வில்லத்தில்தான். மலாயில் ‘ருமா ரேஹாட்’ என வழங்கும் இது, ஆங்கிலேயர் இந்தியாவில் தபால் வழிகளில் அமைத்த டாக் பங்களாவின் உறவினம். சுற்றுப்பயணம் வரும் அலுவலருக்கே இதில் முன்னுரிமை இருந்தது, அறை மிஞ்சினால்தான் மற்றப் பயணிகளுக்கு இடம். தமிழகத்துச் சத்திரமோ அறத்தின் பேரில் கட்டப்பட்டு, வருபவரின் பதவியைக் கேளாமல் திண்ணையைத் திறந்துவைத்தது. நகரத்தார் கோலாலம்பூரின் அம்பாங் தெருவில் நடத்திய கிட்டங்கி, குடும்பத்தை ஊரில் விட்டுவந்த ஆண்கள் ஒரே கூடத்தில் பெட்டகத்தை வைத்துத் தொழிலும் செய்து படுத்தும் எழுந்த இடம் என்பதால், அது இவ்விரண்டிலும் சேராது.

மலைப் பங்களாவின் கதை இன்னும் விரிவானது. தைப்பிங்கை அடுத்த மாக்ஸ்வெல் மலையில், அதாவது இன்றைய புக்கிட் லாருட்டில், 1884 முதலே வெள்ளையர் குளிர்ச்சி தேடித் தங்கினர். லூயிஸ் ஜேம்ஸ் பிரேசர் என்ற ஈய வணிகர் வாழ்ந்து, பின்பு காணாமற்போன மலை, அவரைத் தேடி 1917இல் ஏறிய ஆயர் ஒருவரின் பரிந்துரைக்குப்பின் 1922இல் பிரேசர் மலை என்ற ஓய்வுத்தலமாயிற்று. கல்சுவரும் கணப்படுப்பும் உடைய அப்பங்களாக்களுக்குச் செல்லும் பாதை மிகக் குறுகலாக இருந்ததால், ‘கேப்’ என்ற இடத்துக்கு மேலே ஏறும் வண்டிகளுக்கும் இறங்கும் வண்டிகளுக்கும் தனித்தனி நேரம் ஒதுக்கப்பட்டது. 1951 அக்டோபர் 6 அன்று மலாயாவின் பிரிட்டிஷ் உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னி சுட்டுக்கொல்லப்பட்டதும் இம்மலைக்குப் போகும் வழியில்தான். கேமரன் மலையிலும் தாப்பாவிலிருந்து மேலேறும் சாலை 1930களின் தொடக்கத்தில் முடிந்தபின் பங்களாக்கள் பெருகின, ஆனால் அங்கே 1929இல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த தமிழரின் வீடு லயம், அதாவது ஒரே கூரையின் கீழ் வரிசையாகத் தடுக்கப்பட்ட சிற்றறைகள்.

இத்தாலிய நாட்டுப்புறத்தோடு ஒப்பிடும்போது இவ்வேறுபாடு மனத்தை உறுத்துகிறது. டஸ்கனியில் நிலக்கிழாரின் வீடு வில்லா, விளைச்சலில் பாதியை அவருக்கு அளந்த வாரக் குடியானவர் வாழ்ந்தது ‘காசா கொலோனிகா’ என்ற கல்வீடு. அவ்வார முறையில் புதிய ஒப்பந்தங்களை 1964ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. குடியானவர்கள் நகரங்களுக்குப் பெயர்ந்ததால் வெறுமையாகிய கல்வீடுகள் பல, பின்னாளில் விலையுயர்ந்த விடுமுறை வீடுகளாயின. 1985இலும் 2006இலும் வந்த சட்டங்கள் ‘அக்ரிதுரிஸ்மோ’ என்ற பெயரை, உண்மையில் வேளாண்மை செய்பவர் விருந்தினரை ஏற்கும் பண்ணைக்கே உரியதாக்கின. மலேசியாவிலும் பகாங்கின் டேசா முர்னியில் 1995இல் தொடங்கிய அரசாங்க ஹோம்ஸ்டே திட்டத்தின்படி, விருந்தினர் கம்பத்துக் குடும்பத்தோடு அவர்கள் வீட்டிலேயே தங்க வேண்டும். எனவே பேச்சுவழக்கில் ஹோம்ஸ்டே எனப்படும் ஆளில்லாத வாடகை வீட்டை எடுக்க நினைப்பவர், அங்கே யாரேனும் வாழ்கிறார்களா, சமைப்பது யார் என்று முதலில் கேட்டறிவது நல்லது.

டஸ்கனியின் உழைப்பாளி வீட்டில் இன்று அயல்நாட்டார் பணம் கொடுத்து உறங்க, கிள்ளான் பள்ளத்தாக்கின் லயங்களோ தோட்டங்கள் வீடமைப்பு நிலங்களாக மாறியபோது இடித்துத் தள்ளப்பட்டன. செந்தூலில் பழைய இரயில்வே கட்டடம் ஒன்று 2005இல் நாடக அரங்காகப் புத்துயிர் பெற்றது. தொழிலாளி குடும்பத்தோடு வாழ்ந்த ஓர் அறையையும் அவ்வாறே காத்து, விருந்தினருக்குத் திறந்துவைக்கும் எண்ணம் இந்நாட்டில் இன்னும் வேரூன்றவில்லை.