தொகைச்சொல் ஒன்றின் தோற்றம்: பின்னிஷ் மொழி தரும் சான்று

பாம்பின் உடலும் சிறகும் உடையதாய்த் தீயுமிழும் ட்ராகன் என்னும் கற்பனை விலங்கைப் பின்லாந்து மக்கள் ‘லொஹிகார்மெ’ என வழங்குவர். பின்னிஷ் மொழியில் ‘லொஹி’ என்பது சால்மன் மீனையும், ‘கார்மெ’ என்பது பாம்பையும் குறிக்கும். எனவே இத்தொகைச்சொல்லை இன்றைய வழக்கின்படி பிரித்தால் ‘சால்மன் பாம்பு’ என்னும் பொருளே பெறப்படும். செதில் நிறைந்த உடலை நோக்கியே இப்பெயர் இடப்பட்டது என ஒருவர் விளக்கங் கூறலாம். அவ்விளக்கம் பொருத்தமுடையதாகத் தோன்றினும் வரலாறு அதற்கு இடந்தரவில்லை.

இடைக்காலந் தொட்டு 1809ஆம் ஆண்டு வரை பின்லாந்து சுவீடன் அரசின் ஒரு பகுதியாக இருந்தது. ஆட்சியிலும் உயர்கல்வியிலும் சுவீடிஷும் இலத்தீனுமே மேலோங்கி நின்றன. மிக்கேல் அக்ரிகோலா மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1548இல் அச்சேறியபோதிலும், பின்னிஷ் மொழி அரச கருமங்களில் உரிமை பெறுதற்கு 1863ஆம் ஆண்டின் மொழி ஆணை வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இந்நெடுங்காலத் தொடர்பின்போது சுவீடிஷ் சொற்கள் பல பின்னிஷில் வந்து கலந்தன.

பழைய சுவீடிஷில் ட்ராகனுக்கு வழங்கிய பெயர்களுள் ‘ஃப்லொக்ட்ராகி’ என்பதும் ஒன்று. ‘பறக்கும் ட்ராகன்’ என்பது அதன் பொருள். சொல்முதலில் மெய்கள் இணைந்து வருவதைப் பின்னிஷின் பழைய ஒலி மரபு ஏற்பதில்லை. அவ்வாறு வரும் மெய்களுள் இறுதியில் நிற்பது மட்டுமே எஞ்சும். பாடசாலையைக் குறிக்கும் ‘ஸ்கூலா’ என்பது ‘கொவுலு’ ஆனதும், கண்ணாடியைக் குறிக்கும் ‘கிளாஸ்’ என்பது ‘லாசி’ ஆனதும், ‘ஸ்டொக்ஹோம்’ நகரின் பெயர் ‘துக்ஹொல்மா’ ஆனதும் இம்முறைமை பற்றியே. ‘ஃப்லொக்’ என்பதும் இவ்வாறே முதல் மெய்யை இழந்து, மக்கள் நன்கறிந்த ‘லொஹி’ என்னும் மீன்பெயரின் வடிவை எய்தியது என ஆய்வாளர் கொள்வர். பிற்பகுதியாகிய ‘ட்ராகி’ ஒலிவழி வாராது, பாம்பு எனப் பொருள்வழி பெயர்க்கப்பட்டது.

ஆகவே ஒரே சொல்லின் முற்பாதி ஒலியாலும் பிற்பாதி பொருளாலும் கடன்கொள்ளப்பட்டுள்ளது. ஆட்சியாளர் மொழியிலிருந்து சொல்லைப் பெற்ற மக்கள், அதனைத் தம் நாவுக்கும் அறிவுக்கும் இயைய மாற்றியே ஏற்றனர் என்பது இதனாற் புலனாகும். ஒலி மரபையும் மக்கட் கலப்பின் வரலாற்றையும் நோக்காது, வடிவ ஒப்புமை ஒன்றையே துணைக்கொண்டு சொல்லைப் பிரித்துப் பொருள் காண்போர், இல்லாத மீனைத் தேடுவோராகவே முடிவர்.