சீசன் தொடக்கத்தில் ஸ்லெட்: சரிவைத் தேடாதீங்க, ரோட்டைத் தேடுங்க

டிசம்பர் லீவுல குடும்பத்தோட சுவிட்சர்லாந்து மலைக்குப் போறவங்களுக்கு ஒரே கவலைதான்: பிள்ளைங்க ஸ்லெட் விடுற அளவுக்கு அதுக்குள்ள பனி விழுந்திருக்குமா? உடனே நாம ஸ்கீ ரிசார்ட் லிஸ்ட்டைத் திறக்கிறோம். ஆனா ஸ்லெட்டோட வரலாறு வேற இடத்தைக் காட்டுது.

ஆல்ப்ஸ் கிராமங்களில் ஸ்லெட் என்பது முதலில் விறகும் வைக்கோலும் இறக்குற வண்டி. சக்கரம் ஓடாத பனிக்காலத்தில் அதுதான் ஓடியது. அதை வைத்துப் பந்தயம் நடத்தியதில் முக்கியமானவர், காசநோய்க்காக டாவோஸில் தங்கியிருந்த ஆங்கில எழுத்தாளர் ஜான் ஆடிங்டன் சைமண்ட்ஸ். 1883 பிப்ரவரி 12 அன்று டாவோஸிலிருந்து கிளோஸ்டர்ஸ் நோக்கி சுமார் 4 கி.மீ. பந்தயம். ஆஸ்திரேலிய மாணவர் ஒருத்தரும் கிளோஸ்டர்ஸ் தபால்காரர் ஒருத்தரும் 9 நிமிடம் 15 வினாடியில் சமமா வந்தாங்க. இதுல கவனிக்க வேண்டியது, அவங்க ஓட்டினது ஊருக்கு ஊர் போற ரோட்டுல!

அடுத்த திருப்பம் ரயில். 1903-ல் அல்புலா ரயில்பாதை திறந்ததும், கணவாய் ரோட்டுக்குப் பனிக்காலத்தில் வேலை குறைஞ்சது. இன்னைக்கு பிரேடா (1,789 மீட்டர்) – பெர்கூன் (1,373 மீட்டர்) இடையே அந்த ரோடே 6 கி.மீ. ஸ்லெட் பாதை. மேலே போக ரயில், கீழே வர ஸ்லெட். ரயில் சுரங்கங்களுக்குள்ள சுத்திச் சுத்தி ஏறுறதைப் பார்க்கவே பிள்ளைங்களுக்குக் கொண்டாட்டமா இருக்கும்.

சீசன் தொடக்கத்துக்கு ரோடு ஏன் நல்லது? ஸ்கீ சரிவுல கல்லும் புதரும் மூடுற அளவுக்குப் பனி வேணும். ரோடு ஏற்கெனவே சமதளம். அதைவிடக் குறைஞ்ச பனியே போதும். பக்கத்துல காடு இருந்தா, நிழல்ல பனி சீக்கிரம் உருகாது.

ஆனாலும் இது உத்தரவாதம் இல்ல. பூமி சூடாக ஆக, 1,300 மீட்டர் உயரத்துல டிசம்பர் பனியை நம்புறது கஷ்டமாகிட்டு வருது. அதனால மூணு விஷயம் பாருங்க: பாதை எவ்வளவு உயரத்துல தொடங்குது, பனிக்காலத்துல அங்கே வண்டிகளை நிறுத்திடுவாங்களா, மேலே போக ரயிலோ பஸ்ஸோ இருக்கா. கிளம்புற அன்னைக்குக் காலையில பாதை திறந்திருக்கானு பார்த்துட்டு டிக்கெட் எடுங்க.