நாத்திகம் என்னுஞ் சொல்

கடவுள் இல்லையென்பான் நாத்திகன் என்பது இன்று யாவரும் அறிந்த பொருள். அப்பொருளையே கைக்கொண்டு பழைய நூல்களுட் புகும் மாணவன் முதற்படியிலேயே இடர்ப்படுவான். சாங்கியமும் மீமாஞ்சையும் ஆத்திக தரிசனங்களென அவன் கற்கின்றான். பழைய சாங்கியரோ மீமாஞ்சகரோ உலகைப் படைத்த கடவுள் ஒருவரை வேண்டினாரல்லர். இம்முரண் நூல்களின் பிழையன்று. சொல்லின் பொருள் பெயர்ந்தமையால் நேர்ந்தது.

'நாஸ்தி' என்னும் வடமொழித் தொடர்க்கு 'இல்லை' என்பது பொருள். எது இல்லையென்பதை அது தானே கூறாது. வழக்கெல்லாம் இங்கிருந்தே எழுகின்றது. உண்டென்னும் மதியுடையானுக்கும் இல்லையென்னும் மதியுடையானுக்கும் உரிய பெயர்கள் அமையுமாற்றைப் பாணினி ஒரு சூத்திரத்தால் விதித்தார். அங்ஙனம் உண்டென்றும் இல்லையென்றும் கொள்ளப்படுவது மறுமையே எனக் காசிகை உரை விளக்கிற்று. கடவுட் பேச்சே ஆண்டில்லை. மனுநூலின் 2ஆம் அத்தியாயமோ, தருக்கத்தைத் துணையாகக் கொண்டு சுருதி மிருதிகளை இகழ்வானை நாத்திகன் என்று கூறி, நல்லோர் அவனை விலக்குக என்றது. கொள்கையொன்றன் பெயர் இவ்விடத்தே தண்டனைக்குரிய குற்றத்தின் பெயராயிற்று.

கி. பி. 7ஆம் நூற்றாண்டினரெனக் கருதப்படும் குமாரிலபட்டரின் கூற்று மிகவுஞ் சுவையுடையது. மீமாஞ்சை உலகில் பெரும்பாலும் உலோகாயதமாக்கப்பட்டு விட்டதென்றும், அதனை ஆத்திக நெறியில் நிறுத்தவே தாம் முயன்றதாகவும் தம் நூன்முகத்து அவர் உரைக்கின்றார். படைப்புக் கடவுளை மறுத்தவரும் அவரே! அவருக்கு ஆத்திகமாவது வேதத்தின்பாற் கொண்ட உறுதியே.

வேதத்தை ஏலாத பௌத்தருஞ் சமணரும் இப்பெயரைத் தாமும் ஏற்றிலர். நாகார்ச்சுனர் இரத்தினாவலியில் நாத்திகன் தீக்கதி அடைவானென்றார். சமணராகிய அரிபத்திரரோ பௌத்தம், சமணம் இரண்டையும் ஆத்திக வாதங்களோடு எண்ணி, உலோகாயதத்தை மட்டும் புறத்தே நிறுத்தினார். எல்லைக்கோட்டை வரைந்தவர் எவரும் தம்மை அதற்கு அப்பால் வைத்திலர்.

தமிழில் மாணிக்கவாசகர் போற்றித் திருவகவலில் நாத்திகத்தையும், மாயாவாதத்தையும், உலோகாயதத்தையும் வேறுவேறாகச் சுட்டுகின்றார். சைவசித்தாந்திகளோ இருகூற்றுப் பிரிவோடு அமையாது, புறப்புறம், புறம், அகப்புறம், அகம் எனப் பிறசமயங்களை நால்வகைப்படுத்தினர். உலோகாயதம், நால்வகைப் பௌத்தம், சமணம் என்னும் ஆறும் புறப்புறமாம். சிவஞானசித்தியார் பரபக்கமும் உலோகாயதத்தையே முதற்கண் எடுத்து மறுக்கின்றது. யாவரையும் ஒரு சொல்லால் ஒதுக்குவதினும், ஒவ்வொருவரும் எவ்வளவு தொலைவில் நிற்கின்றாரென அளப்பது நேரிய முறையென்பது எம் கருத்து.

மணிமேகலையிற் பேசும் பூதவாதி தன்னை நாத்திகனென்று கூறிக்கொண்டானல்லன். பிறர்மேல் எறியப்பட்ட அப்பெயரைத் தாமே விரும்பி ஏற்றோர் பிற்காலத்தவர். பகவத்சிங் 1930இல் இலாகூர்ச் சிறையில் ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரையை ப. ஜீவானந்தம் தமிழாக்கியபோது, அதன் தலைப்பு 'நான் நாத்திகன் ஏன்?' என்பதாயிற்று.