பற்றில் இருந்து பேட்ச் வரை

முன்பெல்லாம் குற்றாலம் பேரருவிக்குப் போகிற வழியில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் கூப்பிடுவார்கள். உச்சி முதல் பாதம் வரை எண்ணெய், அப்புறம் நேராக அருவி. தோலில் எதையாவது ஒட்டி வைக்க அன்றைக்கு இதைவிட மோசமான ஊர் கிடையாது. எண்ணெய் பசையை இளக்கும், தண்ணீர் ஓரத்தைத் தூக்கிவிடும்.

ஆனால் மருந்தைத் தோல்மேல் வைப்பது நமக்குப் புதுசு இல்லை. சித்த மருத்துவம் புற மருந்துகளை 32 என்று வகுத்திருக்கிறது. கட்டு, பற்று, பூச்சு, களிம்பு எல்லாம் அதில் உண்டு. பற்று போட்டுக்கொண்டவர்களுக்குத் தெரியும், காய்ந்ததும் வெடித்து உதிரும். மருந்து இருந்தது, நாள்கணக்கில் பிடித்து வைக்கும் பசைதான் இல்லை.

அது ரப்பரில் இருந்து வந்தது. 1845ல் ஹோரஸ் டே, வில்லியம் ஷெகட் என்ற இரு அமெரிக்கர்கள் ரப்பர் கலந்த பிளாஸ்திரிக்குக் காப்புரிமை வாங்கினார்கள். அப்போது ரப்பர் என்பது காட்டு மரத்துப் பால். 1876ல்தான் பிரேசில் விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, கன்றுகளாக இலங்கைக்கு வந்தன. பிறகு மலாயாத் தோட்டங்களில் பால் வெட்டப் போனது ஏராளமான தமிழர்கள். உலகம் காயத்தில் ஒட்டிக்கொண்ட பிளாஸ்திரியில் அவர்கள் உழைப்பும் இருந்தது.

இந்தப் பசைக்குச் சூடும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம், விரலால் அழுத்தினால் போதும். மெல்ல அழுத்தும்போது திரவம் மாதிரி தோலின் மேடுபள்ளங்களில் பரவும். வெடுக்கென்று இழுத்தால் திடப்பொருள் மாதிரி எதிர்க்கும். 1979ல் அமெரிக்கா அனுமதித்த முதல் மருந்து பேட்ச், காதுக்குப் பின்னால் ஒட்டுவது. பயணக் குமட்டலுக்கான ஸ்கோபோலமைனை 3 நாள் சிறுகச் சிறுக உள்ளே விடும். அதில் பாலிஐசோபியூட்டிலீன் என்ற செயற்கை ரப்பர் பசை. பின்னால் வந்த பல பேட்ச்களில் மருந்தைப் பசையிலேயே கரைத்துவிட்டார்கள். மருந்து கூடினால் பசை இளகலாம், குறைந்தால் வேலை நடக்காது. ஒன்றைத் தொட்டால் இன்னொன்று உடையும், நம்ம கோடு மாதிரியேதான்.

புற்றுநோய் வலிக்குத் தரும் ஃபென்டனில் பேட்ச் ஓரம் பெயர்ந்தால் வலி திரும்பிவிடும். கழன்று விழுந்து ஒரு குழந்தையின் தோலில் ஒட்டினால் உயிரே போகலாம், அப்படி நடந்தும் இருக்கிறது. உடம்பில் சூடு ஏறினாலும் மருந்து வேகமாக இறங்கும். பயன்படுத்தி முடித்த பேட்ச்சிலும் மருந்து மிச்சம் இருக்கும். அதனால்தான் கழற்றியதும் பசைப்பக்கம் உள்ளே இருக்கும்படி மடித்து, தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளச் செய்துவிட்டு அப்புறப்படுத்தச் சொல்கிறார்கள்.