கண்டியரசின் இறுதிக்காலம்: அதிகாரமும் அச்சமும்

அதிகாரம் மாந்தரின் இயல்பை எங்ஙனம் மாற்றுகின்றது என்பதும், அம்மாற்றம் அவர்தம் உறவுகளையும் அவர் வாழுஞ் சமுதாயத்தையும் எங்ஙனம் தாக்குகின்றது என்பதும் அரசியல் நூலார் நெடுங்காலமாக ஆராய்ந்து வந்த பொருள்களாம். இவற்றுக்கு எடுத்துக்காட்டுத் தேடி உரோமாபுரிக்கோ பிரான்சுக்கோ செல்ல வேண்டுவதில்லை. 1798 ஆம் ஆண்டு தொடக்கம் 1818 ஆம் ஆண்டு வரையுள்ள காலத்தில் ஈழத்து மலைநாட்டில் நிகழ்ந்தவையே போதிய சான்றாக அமைந்துள்ளன.

கண்டி மன்னன் கொள்கையளவில் எல்லையற்ற அதிகாரம் உடையவன். நிலம் யாவும் அவனுக்கு உரியது. குடிகள் தாம் அனுபவித்த காணிக்கு ஈடாக அவனுக்கு ஆற்றிய ஊழியமே இராசகாரியம் எனப்பட்டது. ஆயினும் நடைமுறையில் அவனது ஆணைக்குத் தொன்றுதொட்டு வந்த வழக்கமும், பௌத்த சங்கத்தாரின் ஆலோசனையும், அதிகார், திசாவை முதலிய பதவிகளை வகித்த பிரதானிகளின் செல்வாக்கும் வரம்பாக நின்றன. இப்பிரதானிகள் தம்முள் மணவுறவு பூண்ட ஒரு சில குடும்பத்தினராவர்.

1739 ஆம் ஆண்டில் வீரநரேந்திரசிங்கன் இறந்தபொழுது அவன் பட்டத்தரசியின் உடன்பிறந்தானாகிய நாயக்க வமிசத்தான் ஒருவன் ஸ்ரீ விசயராசசிங்கன் என்னும் பெயருடன் அரியணை ஏறினான். அன்று தொடங்கி 1815 வரை நாயக்க மன்னர் நால்வர் கண்டியை ஆண்டனர். தமக்குள் ஒருவன் மன்னனாக உயர்வதை ஏனைய குடும்பத்தார் பொறார். ஆதலின் எக்குடும்பத்தையுஞ் சாராத அந்நியன் ஒருவனை ஏற்றல் பிரதானிகளுக்கு எளிதாயிற்று. அம்மன்னருட் கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் சீயத்திலிருந்து பிக்குகளை வரவழைத்து 1753 ஆம் ஆண்டில் உபசம்பதையை மீண்டும் நிலைநாட்டினான். அவனையுங்கூட 1760 ஆம் ஆண்டில் கொல்லச் சூழ்ச்சி நடந்தமை, அந்நியனாகிய மன்னனது நிலை எத்துணை நுண்ணியது என்பதைக் காட்டும்.

1798 ஆம் ஆண்டில் இராசாதி இராசசிங்கன் மைந்தனின்றி இறந்தான். அப்பொழுது முதல் அதிகாராயிருந்த பிலிமத்தலாவை, அரச குடும்பத்து உறவினனும் பதினெட்டு வயதினனுமாகிய கண்ணுச்சாமி என்னும் இளைஞனைத் தேர்ந்து, ஸ்ரீ விக்கிரமராசசிங்கன் எனப் பெயரிட்டு முடிசூட்டினான். இளைஞன் தன் சொற்படி நடப்பான் என்பதே அமைச்சனின் கணிப்பு. அது மட்டுமன்று, ஒல்லாந்தரிடமிருந்து 1796 ஆம் ஆண்டில் கரையோரத்தைக் கைப்பற்றிய ஆங்கிலேயரின் தேசாதிபதி நோர்த்து என்பாருடன் மறைவாகப் பேசி, தான் முடிசூட்டிய மன்னனையே அகற்றுதற்கும் அவன் வழி தேடினான்.

1803 ஆம் ஆண்டுப் போர் இக்கணிப்பைத் தலைகீழாக்கியது. ஆங்கிலப் படை கண்டியை வெறுநகராகக் கண்டு, மறைந்த மன்னனின் மைத்துனனாகிய முத்துச்சாமியை அரசனாக்கிச் சிறு காவற்படையையும் நிறுத்திச் சென்றது. காய்ச்சலால் நலிந்த அப்படை யூன் மாதத்திற் சரணடைந்து அழிந்தது, முத்துச்சாமியும் கொல்லப்பட்டான். ஐரோப்பிய வல்லரசொன்றை வென்றோமென்னும் பெருமிதம் இளம் மன்னனைத் தன் அமைச்சனின் நிழலினின்றும் வெளியேற்றியது. ஆயின், தன்னை ஆக்கியவனே தன்னை அழிக்கவும் வல்லன் என்னும் அச்சம் அவனை விட்டு நீங்கிற்றில்லை.

இவ்வச்சமே பின்னர் அவன் ஆட்சியின் போக்கை உருவாக்கிற்று. பிலிமத்தலாவை தன் மகனுக்குக் கீர்த்தி ஸ்ரீயின் வழிவந்த பெண்ணொருத்தியை மணமுடிக்க எண்ணினான் என்ப. அத்தகைய மணம், அரியணைக்கு உரிமை கோருதற்கு முதற்படியாக மன்னனுக்குத் தோன்றியதில் வியப்பில்லை. பதவியிழந்த அமைச்சன் மன்னனைக் கொல்லச் சூழ்ந்தான். அது வெளிப்பட, 1811 ஆம் ஆண்டிற் சிரச்சேதம் செய்யப்பட்டான். அவனிடத்துக்கு எகலப்பொலை உயர்த்தப்பட்டான். அதே காலத்திற் கண்டி வாவியை அமைக்கும் பெருவேலை நடந்தது. இன்று காண்போர் கண்ணுக்கு இனிதாய்த் தோன்றும் அவ்வாவிக்கு மண் சுமந்த குடிகளுக்கோ அது வழக்கத்தை மீறிய இராசகாரியமாகவே தோன்றிற்று. ஊழியத்துக்கும் உரிமைக்கும் இடையே நெடுநாள் நிலவிய சமநிலை இங்ஙனம் குலைந்தது.

பிரதானிகள் மாகாணங்களுக்குச் செல்லுங்கால் அவர்தம் மனைவி மக்கள் தலைநகரிலேயே தங்கவேண்டும் என்பது மன்னன் கைக்கொண்ட காவல்முறை. இதனால் இல்லறமே அரசியற் பிணையாயிற்று. 1814 ஆம் ஆண்டிற் சபரகமுவையில் இருந்த எகலப்பொலை மன்னனின் அழைப்புக்கு இணங்காது, குடிகளைக் கிளப்பி, முடிவிற் கொழும்புக்கு ஓடி ஆங்கிலேயரைத் தஞ்சமடைந்தான். கண்டியிலிருந்த அவன் சிறுவர்கள் கொல்லப்பட்டனர். மனைவி வாவியில் அமிழ்த்தப்பட்டாள். அஞ்சி நின்ற தமையனை முந்தி இளையவனாகிய மத்துமபண்டாரன் கொலையாளியின் முன் சென்றான் என்னும் செய்தி சிங்கள மக்களிடையே வழிவழியாகப் போற்றப்பட்டு வருகின்றது.

இந்நிகழ்ச்சிகளை ஆராய்வோர் ஒன்றை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். இவற்றைப் பற்றிய எழுத்துச் சான்றுகளிற் பெரும்பகுதி, கண்டியைக் கைப்பற்ற விழைந்த ஆங்கிலேயர் எழுதியவை. ஒற்றர் வாயிலாகச் செய்தி திரட்டிய யோன் டொயிலியும், தேசாதிபதி பிறவுண்றிக்கும் மன்னனைக் கொடுங்கோலனாகக் காட்டுவதில் நன்மை கண்டவர்கள். உரலிலிட்டு மக்களின் தலைகளை இடிக்குமாறு தாய் கட்டாயப்படுத்தப்பட்டாள் என்பது போன்ற செய்திகளை ஐயத்துடனேயே நோக்குதல் தகும். எனினும் குற்றமற்ற சிறுவரும் பெண்ணும் கொல்லப்பட்டமை மறுத்தற்கரிது. தன் ஆட்சியைக் காக்கவே மன்னன் இதனைச் செய்தான். ஆயின் பிரதானிகளிடம் எஞ்சியிருந்த பற்றையும் இதுவே அறுத்தது. எகலப்பொலையை அடக்கச் சென்ற மொல்லிகொடையின் நடத்தை இதற்குச் சான்று. 1815 ஆம் ஆண்டில் ஆங்கிலப் படை முன்னேறியபொழுது, தன் குடும்பம் கண்டியினின்றும் தப்பியதென அறிந்த பின்னரே அவனும் ஆங்கிலேயர் பக்கம் சேர்ந்தான். குடும்பம் பிணையாக இருந்தவரை இருந்த விசுவாசம், பிணை நீங்கியதும் நீங்கியது.

பெப்புருவரி 14 ஆம் நாள் ஆங்கிலேயர் பெரும்போரின்றிக் கண்டியுட் புகுந்தனர். 18 ஆம் நாள் மன்னன் பிடிபட்டான். மார்ச்சு 2 ஆம் நாள் மகுல் மடுவத்தில் நிறைவேறிய உடன்படிக்கை அவன் உரிமையை நீக்கியதுடன், அவன் உறவினர் மலைநாட்டில் இருத்தலையும் தடுத்தது. பௌத்த சமயத்துக்கும் பிரதானிகளின் உரிமைகளுக்கும் காப்பளிப்பதாகவும் கூறியது. மன்னனின் இனத்தை விலக்கிய அவ்வுடன்படிக்கையிற் பிரதானிகளுட் சிலர் தமிழெழுத்திலேயே ஒப்பமிட்டமை நினைவுகூரத்தக்கது. அரசவையில் இரு மொழிகளும் எத்துணை நெருங்கிப் பழகின என்பதற்கு அவ்வெழுத்துக்களே சாட்சி.

முடியை எதிர்பார்த்த எகலப்பொலைக்கு அது கிட்டவில்லை. பிரதானிகள் பெற்ற உறுதிமொழியும் நெடுநாள் நிலைக்கவில்லை. 1817 ஆம் ஆண்டில் ஊவாவிற் கிளர்ச்சி எழுந்தது. அதனை அடக்க அனுப்பப்பட்ட கெப்பெட்டிபொலை, வாவியில் மாண்ட எகலப்பொலை மனைவியின் உடன்பிறந்தான். அவன் கிளர்ச்சியாளருடன் சேர்ந்து, 1818 நவம்பர் 26 ஆம் நாள் தலை துணிக்கப்பட்டான். அதற்கு ஐந்து நாள்களுக்கு முன்னர் வெளியான பிரகடனம் பிரதானிகளை ஆங்கில அதிகாரிகளின் கீழ்ப்படுத்தியது. ஐயத்துக்குள்ளான எகலப்பொலை மொரீசியசுத் தீவுக்கு நாடுகடத்தப்பட்டு 1829 ஆம் ஆண்டில் ஆங்கு இறந்தான். அவனாற் கவிழ்க்கப்பட்ட மன்னனோ வேலூர்க் கோட்டைச் சிறையில் 1832 ஆம் ஆண்டில் உயிர் துறந்தான்.

இம்மாந்தர் அனைவரும் ஒரே பிழையையே வெவ்வேறு வகையிற் செய்தனர். அதிகாரத்தைத் தம் கருவியாக்கலாம் என ஒவ்வொருவரும் நம்பினர். பிலிமத்தலாவை அதனை ஓர் இளைஞன் கையிற் கொடுத்துத் தான் ஆளலாம் என்றெண்ணினான். மன்னன் அச்சத்தைக்கொண்டு அதனைக் காக்க முயன்றான். எகலப்பொலை அந்நியர் துணையால் அதனை அடைய விழைந்தான். எவர்க்குங் கணக்குக் காட்டாத அதிகாரம் மூவரையும் அழித்து, முடிவில் நாட்டையே பிறர் கையில் ஒப்படைத்தது.

1817 ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் அரியணைக்கு உரிமை கோரியவன், நாயக்க வமிசத்துத் துரைச்சாமி எனத் தன்னைக் கூறிக்கொண்ட வில்பாவை என்னும் ஊரான். இரண்டாண்டுகளுக்கு முன் எவ்வமிசம் கொடியதென நீக்கப்பட்டதோ அவ்வமிசத்தின் பெயரையே மக்கள் மீண்டும் நாடிச் சென்றனர். பிரதானிகளின் உடன்படிக்கை குடிகளின் உள்ளத்தை உசாவி எழுதப்பட்டதன்று என்பதை இஃதொன்றே தெளிவாக்கும்.